நாக்கு உருளுமா, சோணை தொங்குமா? – வாசகர் கேள்வி பதில்

விஞ்ஞான பாடத்தில் பரம்பரை தொடங்கியதும், வகுப்புத் தோழரின் நாக்கையும் காதையும் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையும் தொடங்கிவிடும். அதையொட்டி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வகுப்பில் 38 பிள்ளைகள். நாக்கு உருட்டல், செவிச்சோணை (காதின் கீழ்நுனி), கன்னக்குழி, பெருவிரல் வளைவு ஆகியவற்றை அட்டவணைப்படுத்தச் சொன்னால் ஐந்து குழுவும் ஐந்து விடையோடு வருகின்றன. ஒரே பிள்ளையின் சோணை ஒரு குழுவில் ‘ஒட்டியது’, இன்னொன்றில் ‘தொங்குவது’. எங்கே பிழை விடுகிறோம்?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: பிழை பிள்ளைகளிடம் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. ‘ஒட்டியது’, ‘தொங்குவது’ என இரண்டு நிரல் மட்டும் போட்டால், நடுவில் நிற்கிற சோணையை ஏதாவது ஒரு பக்கம் தள்ளத்தான் வேண்டும். ஒரு குழு இந்தப் பக்கம் தள்ளும், மற்றக் குழு அந்தப் பக்கம் தள்ளும். ‘இடைப்பட்டது’ என்று மூன்றாவது நிரல் ஒன்றைப் போடுங்கள். இந்தக் கணக்கெடுப்பில் மிகப் பெறுமதியான நிரல் அதுதான். செவிச்சோணை ஒற்றைப் பரம்பரையலகின் (ஜீனின்) வேலை அல்ல. சோணை ஒட்டுவதோடு தொடர்புள்ள 49 இடங்களை மனித நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) கண்டதாக 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. அத்தனை இடங்கள் சேர்ந்து இயங்கும்போது இடைப்பட்ட காதுகள் இருக்கத்தானே செய்யும்.

அடுத்தது வரையறை. பார்க்கத் தொடங்குமுன் கரும்பலகையில் எழுதிப்போட்டால் எல்லாக் குழுவும் அதையே பிடித்துக்கொள்ளும்.

சோணைக்கு: பிள்ளை நேரே பார்த்தபடி கதிரையில் இருக்க, பக்கவாட்டில் நின்று பாருங்கள். சோணை கன்னத்தோடு சேரும் புள்ளியில் அடிமட்டத்தைக் கிடையாகப் பிடியுங்கள். சோணை அந்தக் கோட்டுக்குக் கீழே 2 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் தொங்குவது. சேரும் புள்ளியே மிகத் தாழ்ந்த இடமாக இருந்தால் ஒட்டியது. மற்றதெல்லாம் இடைப்பட்டது. இந்த 2 மில்லிமீற்றர் இயற்கை போட்ட கோடல்ல, நாங்கள் வசதிக்குப் போட்டது. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு காதையும் பார்க்க வேண்டும், சிலருக்கு இரண்டும் ஒன்றுபோல் இராது. அடிமட்டத்தின் முனை கண் பக்கம் போகாமல் விரலால் மூடிப் பிடிப்பது அவசியம்.

நாக்குக்கு: நாக்கை உதட்டுக்கு வெளியே நீட்டி, இரு ஓரமும் மேலெழுந்து குழாய்போல வர வேண்டும். உதட்டால் நெருக்கி மடிப்பது கணக்கில் வராது. கண்ணாடி பார்த்து மூன்று தரம் முயலவிடுங்கள். ஓரம் எழுந்தும் குழாய் மூடாதவர்கள் இடைப்பட்டவர்கள்.

கன்னக்குழிக்கு ‘இல்லை’, ‘ஒரு பக்கம்’, ‘இரு பக்கம்’ என்று எழுதலாம். சிரித்தால்தான் தெரியும் என்பதால் சிரிக்கச் சொல்லியே பார்க்க வேண்டும். பெருவிரலை ‘வளையும்’, ‘வளையாது’ என்று பிரிக்காமல் பாகைமானியால் அளப்பதே நல்லது. கட்டை விரலை உயர்த்திப் பின்னோக்கி வளைக்கச் சொல்லி, நுனி மூட்டில் எத்தனை பாகை சாய்கிறது என்று பாருங்கள். மற்றக் கையால் தள்ளக் கூடாது. 38 அளவீட்டையும் ஓர் எண்கோட்டில் புள்ளியிட்டால், ‘இரண்டு வகை’ என்று சொன்ன இயல்பு தொடர்ச்சியாகப் பரந்து கிடப்பதைப் பிள்ளைகளே காண்பார்கள். எங்கள் கணிப்பில் முழுப் பாடத்திலும் சிறந்த 20 நிமிடம் அது.

ஒவ்வொரு பிள்ளையையும் இருவர் தனித்தனியே பார்த்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் பதியட்டும். பிறகு ஒப்பிடுங்கள். 38இல் 34 ஒத்துப்போனால் 89 வீதம். 80 வீதத்துக்குக் கீழே போனால் வரையறையைத் திருத்தி மீண்டும் பார்ப்பது நல்லது. பெயருக்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கி இலக்கம் கொடுங்கள். தோல் நிறம், உடல் நிறை, பிறவிக் குறைகள் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அவற்றிலிருந்து கிடைக்கும் பாடத்தைப் பெருவிரலும் தந்துவிடும். ஒரு பிள்ளை கூனிக் குறுகவும் தேவையில்லை.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் நாக்கை உருட்ட வராது. மகள் நன்றாக உருட்டுகிறாள். ‘உருட்டுவது ஆட்சியான (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியே தெரியும்) இயல்பு, உருட்டாத இருவருக்கு உருட்டும் பிள்ளை பிறக்காது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, ‘அப்ப நான் எப்படி அம்மா?’ என்று கேட்கிறாள். என்ன சொல்ல?
– தாய், மானிப்பாய்

பதில்: மகளிடம் தயங்காமல் சொல்லுங்கள்: அந்த விதி இந்த இயல்புக்குப் பொருந்தாது, அவள் உருட்டுவதில் எந்தப் புதிரும் இல்லை.

நாக்கு உருட்டலை ஆட்சியான இயல்பு என்று 1940இல் எழுதியவர் அல்பிரட் ஸ்ரேட்டிவன்ற். பழ ஈயில் முதலாவது நிறமூர்த்த வரைபடத்தை 1913இல் வரைந்த பெரிய அறிஞர். ஆனால் 1952இல் ஒரே கருவில் பிறந்த 33 சோடி இரட்டையரைச் சோதித்தபோது, 7 சோடியில் ஒருவர் உருட்டினார், மற்றவர் உருட்டவில்லை. ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவர்களே இப்படி வேறுபட்டால் அது பரம்பரையால் மட்டும் முடிவாவதல்ல. யப்பானியப் பாடசாலைப் பிள்ளைகளில் 6, 7 வயதில் 54 வீதமாக இருந்த உருட்டுவோர் 12 வயதில் 76 வீதமாகக் கூடியிருந்தனர். வளர வளரப் பழகிக்கொள்கிறார்கள். ஸ்ரேட்டிவன்றே பின்னர் தமது கருத்தைக் கைவிட்டார். 1965இல், பாடநூல்கள் இன்னும் அதை உறுதியான எடுத்துக்காட்டாகக் காட்டுவது தமக்குச் சங்கடமாக இருக்கிறது என்றும் எழுதினார்.

ஆசிரியர்களுக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறோம். நாக்கு, சோணை, கன்னக்குழி, நெற்றி மயிர்க்கோடு எதைக்கொண்டும் பெற்றோர் பிள்ளை உறவைச் சரிபார்க்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. தத்தெடுத்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். பெற்றோர் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளரும் பிள்ளை இருக்கலாம். குடும்ப மரம் வரையச் சொன்னால் அதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். விரும்பாதவருக்குக் கற்பனைக் குடும்பம் ஒன்றின் தரவைக் கொடுக்கலாம்.

கேள்வி: அப்படியானால் பரீட்சையில் ‘நாக்கு உருட்டல் ஆட்சியானது’ என்று எழுதுவதா, விடுவதா?
– தரம் 11 மாணவி, மானிப்பாய்

பதில்: ‘R ஆட்சியானது எனக் கொள்க’ (R என்பது உருட்டலுக்குரிய குறியீடு) என்று வினாவில் தந்திருந்தால் அதை வைத்துப் பிள்ளைகளின் வகைகளைக் காணும் கட்டத்தை நிரப்பிப் புள்ளியை எடுங்கள். அது கணக்கு முறையைச் சோதிக்கும் வினா. ஒப்படையிலோ செயற்றிட்டத்திலோ எழுதும்போது ‘எளிமைக்காக ஒற்றைப் பரம்பரையலகு எனக் கொள்ளப்படுகிறது’ என ஒரு வரி சேர்த்துவிட்டால் அது சரியான விஞ்ஞானம்.

கேள்வி: ஆட்சியான இயல்பு என்றால் 100இல் 75 பேருக்கு இருக்க வேண்டாமா? எங்கள் வகுப்பில் 40 பேரில் 7 பேருக்குத்தான் கன்னக்குழி.
– மாணவன், காரைநகர்

பதில்: பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த மெண்டல் 1866இல் வெளியிட்ட 3 : 1 விகிதம், அதாவது நீங்கள் சொல்லும் 75 வீதம், ஒரு குறிப்பிட்ட சோடியின் பிள்ளைகளுக்கு உரியது. ஒரு பரம்பரையலகின் மாற்று வடிவமே எதிருரு. தாய், தகப்பன் இருவரும் ஆட்சி எதிருரு ஒன்றும் பின்னிடைவு (ஆட்சியோடு சேர்ந்தால் மறைந்துவிடும்) எதிருரு ஒன்றும் வைத்திருந்தால்தான் அது வரும். உங்கள் வகுப்பு 40 வேறு வேறு வீடுகளில் இருந்து வந்த பிள்ளைகள்.

இதே சந்தேகம் 1908இல் இங்கிலாந்து அறிஞர்களிடையேயும் எழுந்தது. விரல்கள் குட்டையாக அமையும் இயல்பு ஆட்சியானது என்றால், காலப்போக்கில் நாலில் மூன்று பேருக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்டார்கள். கணித மேதை ஹார்டி ஒரு சிறிய கடிதத்தில் விடை சொன்னார். அதே ஆண்டில் ஜேர்மனியில் மருத்துவர் வைன்பேர்க்கும் தனியே அதைக் கண்டார். ஆட்சி என்பது இரண்டு எதிருருக்கள் ஒரே உடலில் சேர்ந்தால் எது வெளியே தெரியும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஊரில் எது அதிகம் என்பதைச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மக்கள் கூட்டத்தில் ஆட்சி எதிருரு 10 வீதம், பின்னிடைவு எதிருரு 90 வீதம் என்று வைப்போம். பின்னிடைவு இயல்பு தெரிய இரண்டும் பின்னிடைவாக இருக்க வேண்டும்: 0.9 × 0.9 = 0.81. மீதி 0.19, அதாவது 100இல் 19 பேரிடம்தான் ஆட்சி இயல்பு தெரியும். உங்கள் 40இல் அது ஏழெட்டுப் பேர். 75 வீதம் வருவது இரண்டு எதிருருவும் சரிபாதியாக இருக்கும்போது மட்டுமே. (கன்னக்குழியும் ஒற்றைப் பரம்பரையலகு என்று நிறுவப்படாததுதான். கணக்கைக் காட்டவே அதை எடுத்துக்கொண்டோம்.)

சிறிய வகுப்பு ஏமாற்றும் என்பதையும் மறக்காதீர்கள். இடக்கைப் பழக்கம் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு உண்டு. ஆனாலும் 20 பேர் கொண்ட வகுப்பில் ஒரு இடக்கைக்காரர்கூட இல்லாமல் போகும் வாய்ப்பு 0.9ஐ 20 தரம் பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 12 வீதம். எட்டு வகுப்பில் ஒன்று அப்படி அமையலாம். எனவே இரண்டு, மூன்று வகுப்புகளின் தரவை ஒன்றாக்குங்கள். இன்னொன்று: இடக்கையைப் பார்க்கும்போது எழுதும் கையை மட்டும் கேட்கக் கூடாது. எழுதவும் சாப்பிடவும் வலக்கைக்கு மாற்றப்பட்ட பிள்ளைகள் எங்கள் ஊரில் உண்டு. பந்து எறியும் கை, கத்தரிக்கோல் பிடிக்கும் கை, பல் துலக்கும் கை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: விரல் ரேகை எடுக்க முத்திரை மையைப் பயன்படுத்தினோம். எல்லாம் கரிப் பொட்டாக வந்தது. தெளிவாக எடுக்க வழி?
– மாணவர் குழு, பருத்தித்துறை

பதில்: மையை விடுங்கள். 2பி பென்சில், வெள்ளைத் தாள், தெளிவான செலோரேப் போதும்.

கையைச் சவர்க்காரத்தால் கழுவி நன்றாகத் துடையுங்கள். மதிய வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் ரேகை வராது. வியர்வை பென்சில் கரியைச் சேறாக்கிவிடும். காலை முதல் பாடவேளை சிறந்தது. தாளில் 3 சென்ரிமீற்றர் சதுரத்துக்குப் பென்சிலை அழுத்தித் தேய்த்துக் கரித்திட்டு ஒன்று உண்டாக்குங்கள். விரலின் ஒரு நக ஓரத்தில் தொடங்கி மற்ற ஓரம்வரை அதில் ஒரு தரம் உருட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் வரிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களும் நிரம்பிவிடும். உங்களுக்குப் பொட்டாக வந்ததற்குக் காரணம் அதுதான், மையும் கூடிவிட்டது. பிறகு 4 சென்ரிமீற்றர் செலோரேப்பை விரலின் நடுவில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு மெதுவாகத் தடவுங்கள். இழுத்து உரித்து வெள்ளைத் தாளில் ஒட்டிவிடலாம். முதல் உரிப்பில் கறுப்பாக வந்தால், விரலில் கரி பூசாமல் இரண்டாவது துண்டை ஒட்டி எடுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான் வரி வரியாக வரும்.

செலோரேப்பில் எடுத்தது விரலை நேரே பார்ப்பதுபோலவே இருக்கும். மையால் பதித்தது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறியிருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால், கண்ணி (ஒரு பக்கத்திலிருந்து வந்து வளைந்து அதே பக்கம் திரும்பும் வரிகள்) எந்தப் பக்கம் திறக்கிறது என்பது தலைகீழாகிவிடும்.

கைவில்லையால் பார்த்து வகைப்படுத்துங்கள். மூன்று பக்கத்து வரிகள் வந்து முட்டும் சிறு முக்கோண இடத்தைத் தேடுங்கள். அது ஒன்று இருந்தால் கண்ணி, இரண்டு இருந்தால் சுழி, இல்லையென்றால் வில். வீட்டுப் பெரியவர்கள் சங்கு, சக்கரம் என்று விரல் பார்ப்பதும் இந்தக் கண்ணியையும் சுழியையும்தான். உலக அளவில் கண்ணி 60 முதல் 65 வீதம், சுழி 30 முதல் 35 வீதம், வில் 5 வீதம் அளவில். தென்னாசியரிடம் ஐரோப்பியரைவிடச் சுழி கூடுதல் என்பதால் உங்கள் எண்ணிக்கை மாறிவந்தால் பிழை என்று அழிக்க வேண்டாம்.

இன்னும் நுணுக்கமாகச் செய்ய விரும்பினால், முக்கோணப் புள்ளியிலிருந்து கண்ணியின் நடுவுக்கு மெல்லிய கோடு ஒன்று கீறி, அது எத்தனை வரியை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். சுழிக்கு இரு பக்கமும் எண்ணிப் பெரியதை எடுக்கலாம். வில்லுக்குப் பூச்சியம். பத்து விரலின் கூட்டுத்தொகை பெரும்பகுதி பரம்பரையால் தீர்மானிக்கப்படுகிறது. சகோதரர்களுடையதை ஒப்பிட்டால் நெருக்கம் தெரியும். வரிகளின் நுண் அமைப்போ கருவின் மூன்றாம், நான்காம் மாதங்களில் விரலின் வளர்ச்சியோடு உருவாகிறது. அதனால்தான் ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கும் ரேகை ஒன்றாக இராது. முடிந்ததும் ரேகைத் தாளை அந்தந்தப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். அது அடையாள ஆவணம்போன்றது, சுவரில் ஒட்டி வைப்பதற்கு அல்ல.

கேள்வி: உயரத்துக்கு வலையுருவரையம் (எண்ணிக்கையைக் கட்டைகளாகக் காட்டும் படம்) வரைந்தால் மணி வடிவம் வரும் என்கிறார்கள். எங்களுக்கு இரண்டு முகடு வந்தது.
– ஆசிரியர், கலவன் பாடசாலை, சுன்னாகம்

பதில்: கலவன் வகுப்பென்றால் அதுதான் காரணமாக இருக்கும். தரம் 11 வயதில் ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளைவிடச் சராசரியாக உயரமாகிவிடுகிறார்கள். இரு கூட்டத்தையும் ஒரே படத்தில் போட்டால் இரு முகடு தோன்றக்கூடும். இரு நிறத்தில் தனித்தனியே வரைந்து பாருங்கள். வகுப்பாயிடையையும் (ஒரு கட்டை அடக்கும் உயர வீச்சு) கவனியுங்கள்: 38 பேருக்கு 1 சென்ரிமீற்றர் ஆயிடை வைத்தால் சீப்புப் பல்போல வரும், 10 வைத்தால் நாலு கட்டையோடு முடியும். 5 பொருத்தம். 150.0 – 154.9 என்று எல்லையைத் தெளிவாக எழுதினால் 155ஐ எங்கே போடுவது என்ற சண்டை வராது.

அளக்கும்போது சப்பாத்தைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிற்க வேண்டும். கண்குழியின் கீழ் ஓரமும் காதுத் துவாரமும் ஒரே கிடையில் இருக்கட்டும். உச்சியில் மூலைமட்டத்தைச் சுவரோடு சேர்த்து வைத்து, மயிர் அமுங்கும்வரை இறக்குங்கள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டிய முடிச்சு உச்சிக்குக் கிட்ட இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். தையல் நாடா இழுபடும். உருக்கு நாடாவை ஒட்டுங்கள். காலையில் இருந்த உயரம் பின்னேரத்தில் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் குறைந்துவிடும், முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதால். ஆகவே எல்லோரையும் ஒரே பாடவேளையில் அளங்கள்.

2022இல் ஏறத்தாழ 54 இலட்சம் பேரின் தரவைக்கொண்டு உயரத்தோடு தொடர்புள்ள 12,000 அளவிலான பரம்பரை மாறுபாடுகளைக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் துளி அளவு கூட்டும் அல்லது குறைக்கும். அதற்குமேல் உணவும் நோயும் சேர்கின்றன. தொடர்ச்சியான மாறல் வருவது இப்படித்தான்.

கேள்வி: வகுப்பில் விரலில் குத்தி இரத்தக்கூட்டம் பார்க்கலாமா?
– ஆசிரியர், நெல்லியடி

பதில்: வேண்டாம். ஊசியால் ஈரல் அழற்சி பி, எச்.ஐ.வி போன்றவை தொற்றும் ஆபத்து ஒன்று. பெற்றோரின் கூட்டத்தோடு பிள்ளை தானே ஒப்பிட்டுப் பார்த்துத் தப்பான முடிவுக்கு வருவது மற்றது. ஏ, பி எதிருருவை வைத்திருந்தும் சோதனையில் ஓ என்று காட்டும் அரிய வகை ஒன்று 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்டது. ‘ஓ பெற்றோருக்கு ஏ பிள்ளை வராது’ என்ற விதிக்கும் விலக்கு உண்டு.

பதிலாக இரண்டு பேணி எடுங்கள். தகப்பன் பேணியில் 10 சிவப்புத் தெறி (ஏ), 10 வெள்ளைத் தெறி (ஓ). தாய் பேணியில் 10 நீலம் (பி), 10 வெள்ளை. கண்ணை மூடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தெறி எடுத்து, எழுதிவிட்டுத் திரும்பப் போடுங்கள். 40 தரம் செய்தால் ஏ, பி, ஏபி, ஓ நான்கும் 10க்குக் கிட்டக்கிட்ட வரும். சரியாகப் பத்துப் பத்தாக வருவது அரிது. தெறிகள் ஒரே அளவாக இருக்க வேண்டும். புளியங்கொட்டையும் சோளமும் போட்டால் விரல் தடவியே தெரிந்தெடுத்துவிடும், விகிதம் கெட்டுப்போகும்.

கேள்வி: ஒற்றைப் பரம்பரையலகால் வரும் இயல்பு ஒன்றாவது வகுப்பில் காட்ட முடியாதா? பாவற்காய்க் கசப்பை வைத்துச் செய்யலாமா?
– ஆசிரியை, கோப்பாய்

பதில்: பாவற்காயின் கசப்பு வேறு சேர்வைகளால் வருவது. நீங்கள் தேடுவது பி.ரி.சி. தாள், அதாவது பி.ரி.சி. என்ற இரசாயனம் தோய்த்த தாள். 1931இல் ஆர்தர் பொக்ஸ் என்ற இரசாயனவியலாளர் தற்செயலாகக் கண்டது: ஒரே தூள் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்குச் சுவையே இல்லை. 2003இல் அதற்குரிய பரம்பரையலகு 7ஆம் நிறமூர்த்தத்தில் பிடிபட்டது. வேறுபாட்டின் பெரும்பகுதி அந்த ஒன்றாலேயே வருகிறது, முழுவதும் அல்ல. கோவா, நோக்கோல் போன்றவற்றின் கசப்பை உணர்வதிலும் அந்தப் பரம்பரையலகு உண்டாக்கும் சுவை ஏற்பிக்குப் பங்குண்டு.

முதலில் வெற்றுத் தாள் ஒன்றை நாக்கில் வைக்கக் கொடுங்கள். அதற்கே ‘கசக்குது’ என்பவர்கள் இருப்பார்கள். பிறகு வாய் கொப்பளித்துப் பி.ரி.சி. தாளை 10 விநாடி. யாரும் வாய் திறக்குமுன் ‘இல்லை’, ‘சற்று’, ‘கடுமை’ என்று கொப்பியில் எழுதிவிட வேண்டும். பக்கத்துப் பிள்ளை முகத்தைச் சுழித்தால் மற்றவர்களுக்கும் கசக்கத் தொடங்கிவிடும். தூளாக வாங்க வேண்டாம், அளவு கூடினால் நஞ்சு. தயாராக விற்கும் தாளை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசியில் நிறக்குருடு சோதனை செய்யலாமா?
– மாணவன், யாழ்ப்பாணம்

பதில்: திரையின் மஞ்சள் ஒளியும் வெளிச்சமும் நிறத்தை மாற்றிவிடும், போட்டோப் பிரதியும் அப்படியே. யப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்ட, நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளின் மூல அச்சை 75 சென்ரிமீற்றர் தூரத்தில், பகல் வெளிச்சத்தில், அட்டைக்கு 3 விநாடி காட்ட வேண்டும். ஒவ்வொருவராகத் தனியே செய்யுங்கள், முடிவையும் தனியே சொல்லுங்கள். சிவப்பு, பச்சை நிறக்குருட்டுக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளதால் ஆண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும், தாய்மாமனுக்கும் இருக்கலாம்.

கேள்வி: அப்பம்மாவின் காது தோடு போட்டுப் போட்டு நீண்டு தொங்குகிறது. எனக்கும் அது வருமா?
– மாணவி, அளவெட்டி

பதில்: வராது. பாரத்தால் நீண்ட தோல் அவருடைய உடலோடு நின்றுவிடும். முட்டைக்கும் விந்துக்கும் அது போய்ச் சேர்வதில்லை. அவர் பிறந்தபோது சோணை எப்படி இருந்ததோ அதில் ஒரு பங்குதான் உங்களுக்கு வரக்கூடியது.

கேள்வி: தலைமயிரின் இரட்டைச் சுழியையும் கணக்கெடுக்கலாமா? இரண்டு கலியாணம் என்று கேலி செய்கிறார்கள்.
– மாணவன், நல்லூர்

பதில்: எடுக்கலாம். கலியாணத்துக்கும் சுழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கட்டையாக வெட்டிய தலைமயிரில்தான் தெளிவாகத் தெரியும். நீண்ட மயிரென்றால் நனைத்துச் சீவிவிட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளை கதிரையில் இருக்க, நேர் மேலிருந்து பாருங்கள். சுழி எத்தனை, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமா எதிர்ப்பக்கமா என்று இரண்டு நிரல் போதும். பெரும்பாலானோருக்கு மணிக்கூட்டு முள் பக்கமாகச் சுற்றும். படம் பிடித்தால் முகம் விழாமல் பிடித்து, எண்ணி முடிந்ததும் அழித்துவிடுங்கள்.